இரண்டு மீன்களின் பாகப்பிரிவினை

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று திரையில் காட்டிய படங்களை இங்கே சேர்க்க இயலவில்லை.)



அமெரிக்கா போய் வந்த அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். அமெரிக்கா போய் வந்தவர்கள் இந்த நகரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறோம். நயாகராவும் சுதந்திர தேவி சிலையும் எல்லோருடைய போனிலும் இருக்கின்றன. அதனால் நான் மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் பி.காம். படித்தவன், 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். விலங்கியல் எனக்குப் பாடமே கிடையாது. தப்பு இருந்தால் இங்கே இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் திருத்தலாம்.

என் மகள் போர்ட்லண்டில் இருக்கிறாள். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் கொலம்பியா ஆற்றின் மேல் பானவில் என்று ஓர் அணை. 1938-ல் இயங்கத் தொடங்கியது. கடலிலிருந்து ஏறத்தாழ 235 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அணையின் ஓரமாக மீன்கள் ஏறிப் போகப் படிக்கட்டு மாதிரி தொட்டி தொட்டியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டின் ஓரிடத்தில் கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, கடந்து போகும் ஒவ்வொரு மீனையும் இனம் பார்த்து எண்ணுகிறார். மணிக்கு 50 நிமிடம் எண்ணுவார்கள். மீதி 10 நிமிடத்துக்கு விகிதம் போட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். 1938-லிருந்து வருகிற கணக்கு. எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனமே இல்லை. கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். என் மனைவி இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஆற்றில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து முட்டையிட ஏறி வருகின்றன. ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மார்க்கெட்டில் 'இண்டியன் சால்மன்' என்று சொல்லி விற்கும் காலா மீனுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பெயர் மட்டும்தான்.

சால்மனில் பல வகை. சினூக், கோஹோ, சாக்கை, சம், பிங்க் என்று ஐந்து. ஸ்டீல்ஹெட் என்று இன்னொன்றையும் சேர்த்தால் ஆறு. எல்லாம் ஒரே பேரினம், பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, திரும்பப் பிறந்த இடம் தேடி வருகின்றன. ஸ்டீல்ஹெட் மட்டும் முட்டையிட்டுவிட்டு மறுபடி கடலுக்குப் போகும் வாய்ப்பு உண்டு. மற்ற ஐந்தும் முட்டையிட்டதும் இறந்துவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அதனால் இடம் தப்பாகப் போனால் எல்லாமே போயிற்று.

இத்தனை பேரும் ஒரே ஆற்றில் ஏறினால் இடம் எப்படிப் போதும்? பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். சாக்கைக்குப் பெரும்பாலும் ஏரி வேண்டும், குஞ்சு ஏரியில் வளரும். கோஹோ சின்ன ஓடைகளுக்குள் புகுந்துவிடும். சினூக் உருவத்தில் பெரியது, பெரிய ஆற்றின் நடுப்பகுதி அதற்குச் சரி. ஸ்டீல்ஹெட் முட்டையிடுவது வசந்த காலத்தில். இதெல்லாம் பார்த்தவுடன் புரிகிற பிரிவினை.

புரியாத பிரிவினை ஒன்று பானவில் அணைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்தேன்.

அணைக்குக் கீழே வாஷிங்டன் மாநிலக் கரையை ஒட்டி ஐவ்ஸ் தீவு என்று ஒரு சின்னத் தீவு. தீவுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கிளை வாய்க்கால். அந்த இடத்தில் இரண்டு வகை சால்மன் முட்டையிடுகின்றன. ஒன்று இலையுதிர் காலத்தில் வரும் சினூக். பத்து கிலோவுக்கு மேல் சாதாரணமாகப் போகும். அக்டோபர் நடுவில் ஆரம்பிக்கும். இன்னொன்று சம். நாலைந்து கிலோ. நவம்பரில் ஆரம்பித்து டிசம்பர் கடைசி வரை. ஆண் சம் மீனுக்கு அந்தச் சமயத்தில் கோரைப்பல் முளைத்து, உடம்பில் கருஞ்சிவப்பும் பச்சையுமாகப் பட்டை விழும். பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. நாய் சால்மன் என்றே அதற்கு இன்னொரு பெயர்.

முட்டையிடும் விதத்தைக் கேளுங்கள். பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் கூழாங்கற்களை அடித்து அடித்துக் குழி பறிக்கிறது. முட்டையிட்டதும் ஆண் மீன் அதன் மேல் விந்தைச் செலுத்துகிறது. உடனே பெண் மீன் கொஞ்சம் மேலே போய் அடுத்த குழியைத் தோண்டும். அந்தக் கல் நீரோட்டத்தில் உருண்டு வந்து முதல் குழியை மூடிவிடும். இப்படி வரிசையாகச் சில குழிகள். ஒரு சம் மீன் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் முட்டை வரை இடும். பிறகு சாகும்வரை அந்த இடத்தைக் காவல் காத்து நிற்கும். வாலெல்லாம் தேய்ந்து வெள்ளையாகிவிடும். ஆற்றுக்குள் வந்த பிறகு அது எதுவும் சாப்பிடுவதில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், முன்னால் வந்தவர் முட்டையிட்டு மூடி வைத்த இடத்தில் பின்னால் வருபவர் குழி பறித்தால், முதல் முட்டைகள் கிளறி வெளியே வந்து ஆற்றோடு போய்விடும். பத்திரம் பதிந்து அஸ்திவாரம் போட்ட மனையில் இன்னொருவர் ஜேசிபியோடு வந்து நிற்பது மாதிரி. இந்த அனுபவம் நம் நகரிலேயே இருவருக்கு உண்டு, பெயர் சொல்லவில்லை. சினூக் அக்டோபரில் வருகிறது, சம் நவம்பரில் வருகிறது, இடமோ ஒரே சின்ன வாய்க்கால். ஒன்றை ஒன்று கிளறி அழித்திருக்க வேண்டும். ஆனால் அங்கே இரண்டும் வேறு வேறு திட்டுகளில்தான் குழி பறித்தன. திட்டுகளுக்கு இடையே பெரிய தூரம்கூட இல்லை.

ஏன் அப்படி? மீன் முட்டையிடும் இடத்தை ஆராய்பவர்கள் வழக்கமாக அளப்பது மூன்று. நீரின் ஆழம், நீரின் வேகம், கல்லின் அளவு. இந்த மூன்றை மட்டும் வைத்து இங்கே உள்ள பிரிவினையை விளக்கிவிட முடியாது என்று சந்தேகப்பட்ட ஆய்வாளர்கள், இரண்டு வருடம் வேறொரு வேலை செய்தார்கள். 2002-ல் அதன் முடிவு வெளியானது. ஆற்றின் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு, படுகைக்குள் குழாய்களை இறக்கி, கல்லுக்கு அடியில் ஓடும் நீரின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்தார்கள்.

கல்லுக்கு அடியில் நீர் ஓடுமா என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வறண்டு கிடக்கும் ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பிய தலைமுறை நாம். மேலே ஆறு காய்ந்திருக்கும், இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். ஆறு ஓடும்போதும் அடியில் அந்த இன்னொரு ஓட்டம் இருக்கத்தான் செய்கிறது. சில இடத்தில் ஆற்று நீர் கல்லிடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது. சில இடத்தில் உள்ளிருந்து ஊறி மேலே வருகிறது.

அவர்கள் கண்டது இதுதான். சினூக் குழி பறித்த இடங்களில் ஆற்று நீர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஆற்றின் வெப்பமும் படுகைக்குள் உள்ள வெப்பமும் ஒன்றே. சம் குழி பறித்த இடங்களில் நீர் கீழிருந்து மேலே ஊறிக்கொண்டிருந்தது. அந்த நீர் ஆற்று நீரைவிடத் தெளிவாகவே வெதுவெதுப்பாக இருந்தது. கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே தண்ணீர், ஒரே கல்.

குளிர்காலத்தில் அடியிலிருந்து வரும் நீர் எப்படிச் சூடாக இருக்கும்? மார்கழி மாதம் விடியற்காலையில் கிணற்றடியில் குளித்தவர்கள் கை தூக்குங்கள். (நிறையக் கைகள் உயர்ந்தன.) கிணற்று நீர் இறைத்தவுடன் வெதுவெதுப்பாக இருக்கும், தொட்டியில் தேங்கிய நீர் பல்லைக் கிட்ட வைக்கும். பூமிக்குள் வெப்பம் வருடம் முழுக்க அதிகம் மாறுவதில்லை. வெளியே குளிரும்போது அது சூடாகத் தெரிகிறது, சித்திரையில் அதே நீர் ஜில்லென்று தெரிகிறது. கொலம்பியா ஆறு ஜனவரியில் உறைபனிக்கு நாலைந்து டிகிரி மேலே வரை இறங்கிவிடும். அப்போது அந்த ஊற்று நீர் முட்டைக்குக் கம்பளி மாதிரி.

இங்கேதான் என் பழைய தொழில் உதவிக்கு வந்தது. மீன் முட்டை பொரிக்க இத்தனை நாள் என்று கணக்குக் கிடையாது. ஒவ்வொரு நாளும் நீரின் வெப்பம் எத்தனை டிகிரியோ அதைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டுத்தொகை ஏறக்குறைய 500 ஆகும்போது முட்டை பொரிக்கும். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேஷ் கிரெடிட் லெட்ஜரில் வட்டி போடுவது இப்படித்தான். பாக்கித் தொகையை நாளால் பெருக்கி 'புராடக்ட்' என்று ஒரு பத்தியில் எழுதுவோம், கடைசியில் கூட்டி வட்டி போடுவோம். சேமிப்புக் கணக்குக்கும் 2010 ஏப்ரலிலிருந்து தினசரி இருப்பை வைத்துத்தான் வட்டி. சால்மன் இந்த முறைக்கு நமக்கு முன்பே வந்துவிட்டது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். நவம்பர் கடைசியில் ஒரு சம் மீன் சாதாரண ஆற்று நீரில் முட்டையிடுகிறது, சராசரி 6 டிகிரி. 500-ஐ 6-ஆல் வகுத்தால் 83 நாள், பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பொரிக்கும். அதே முட்டை 10 டிகிரி ஊற்று நீரில் இருந்தால் 50 நாள், ஜனவரி நடுவிலேயே பொரித்துவிடும். உண்மையில் முட்டை வங்கி மாதிரி இவ்வளவு கறார் இல்லை. குளிர் அதிகமானால் கூட்டுத்தொகையில் அதற்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. ஆனாலும் வித்தியாசம் வாரக்கணக்கில் வரும்.

அந்த வாரங்கள்தான் சம் மீனுக்கு எல்லாம். பொரித்த குஞ்சு வயிற்றில் மஞ்சள் கருப்பையோடு இன்னும் சில வாரம் கல்லுக்குள்ளேயே இருக்கும். பிறகு வெளியே வந்து, சம் குஞ்சு அதிகம் தாமதிக்காமல் கடல் பக்கம் புறப்பட்டுவிடும். விரல் நீளம்கூட இருக்காது. வசந்த காலத்தில் கழிமுகத்தில் இரை பெருகும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சினூக் முதலிலேயே வந்து, ஆறு இன்னும் சூடாக இருக்கும்போதே முட்டையிட்டு, டிகிரியை முன்கூட்டியே சேர்த்துக்கொள்கிறது. குஞ்சும் சில மாதம் ஆற்றிலேயே மேய்ந்து வளரும். ஊற்று நீர் அதற்குத் தேவைப்படவில்லை. சம் பின்னால் வருகிறது, ஆறு ஆறிப்போய்விட்டது, அதனால் ஊற்று உள்ள இடத்தைத் தேடுகிறது. ஆளுக்கொரு தேதி, ஆளுக்கொரு தண்ணீர். நான் இதைப் பாகப்பிரிவினை என்று சொன்னாலும் அவை உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டவை அல்ல. ஊற்றின் மேல் முட்டையிட்ட சம் மீன்களின் குஞ்சுகள் அதிகம் பிழைத்திருக்கும், அவை திரும்பி வந்து அங்கேயே முட்டையிட்டிருக்கும், அவ்வளவுதான்.

இதுவரை கதை இனிப்பாக இருந்தது. இனிமேல் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

கொலம்பியாவில் ஒரு காலத்தில் வருடத்துக்குப் பத்து லட்சம் சம் மீன்கள் வரை ஏறி வந்திருக்கின்றன என்று சொல்கிறார்கள். இன்று பெரும்பாலான கிளை ஆறுகளில் இல்லவே இல்லை. 1999-ல் அழியும் அபாயத்தில் உள்ளவை என்ற சட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். பிழைத்திருக்கும் சில இடங்களில் ஒன்று கடலுக்குப் பக்கத்தில் கிரேஸ் ஆறு. இன்னொன்று இந்த ஐவ்ஸ் தீவுப் பகுதி. வாங்கூவர் நகரத்தில் (இது வாஷிங்டன் மாநில வாங்கூவர், கனடா இல்லை) ஒரு பெரிய நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்திலும் கரையோர ஊற்றுகளில் முட்டையிடுகின்றன. மேலே கார்கள் போய்க்கொண்டே இருக்கும். நானும் மகளும் அந்தப் பாலத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம், கீழே இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரியாமல்.

சம் மீனுக்குத் துள்ளத் தெரியாது. அருவியோ மீன்படிக்கட்டோ அதற்கு ஒத்துவராது. அந்தக் கண்ணாடி ஜன்னலைக் கடக்கும் சம் மிகக் குறைவு. அதனால் அணைக்குக் கீழே உள்ள அந்தச் சின்ன இடமே அதற்குக் கதி. அந்த இடத்தின் நீர்மட்டமோ அணையில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நவம்பரில் தாராளமாகத் தண்ணீர் விட்டால் ஆறு அகன்று, சம் மீன்கள் கரை ஓரமாக மேட்டில் போய்க் குழி பறிக்கும். ஜனவரியில் தண்ணீரைக் குறைத்தால் அந்தக் குழிகள் வெளியே தெரிந்துவிடும். முட்டையாக இருக்கும்வரை ஈரக் கல்லுக்குள் கொஞ்ச நாள் தாங்கும். பொரித்துவிட்டால் தாங்காது. அதனால் நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் கடைசி வரை அணைக்குக் கீழே நீர்மட்டத்தை 11.5 அடி அளவை ஒட்டி வைத்திருக்கப் பார்க்கிறார்கள். மழை பெய்து கூடுதல் நீர் வந்தால் முடிந்தவரை இரவில் விடுகிறார்கள், பகலில் மட்டம் ஏறி மீன்களை மேட்டுக்கு இழுக்கக் கூடாது என்பதற்காக. பிறகு குஞ்சு வெளியே வரும் ஏப்ரல் தொடக்கம் வரை அந்த முட்டைகள் நீருக்குள் இருக்கும்படி மட்டத்தைக் காப்பாற்ற வேண்டும்.

மட்டத்தை ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஆறு உயர்ந்தால் ஆற்று நீரின் அழுத்தம் ஊற்றை அமுக்கும். வெதுவெதுப்பான நீர் மேலே வருவது குறையும். எந்த ஊற்றுக்காக மீன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததோ அதுவே அடங்கிப்போகும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நம் செயலாளர் இரண்டு பிளாக்குக்கும் மோட்டார் போடுவதே இவ்வளவு சங்கடமாக இருக்கிறதே, அவர்கள் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு பங்காளித் தகராறு ஒளிந்திருக்கிறது. பானவில் அணையில் பெரிய சேமிப்பு கிடையாது. வரும் நீரை ஏறக்குறைய அப்படியே விட வேண்டிய அணை. குளிர்காலத்தில் சம் முட்டைகளை நனைத்து வைக்கும் தண்ணீர் 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கிராண்ட் கூலி அணையின் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. 1942-ல் கட்டி முடித்த அந்த அணையில் மீன்படிக்கட்டே கிடையாது. அதற்கு மேலே போய்க்கொண்டிருந்த சால்மன்களின் கணக்கு அந்த அணையோடு மூடப்பட்டுவிட்டது. அது தனிக் கதை. குளிர்காலத்தில் அங்கே இருப்பைச் செலவழித்தால், வசந்தத்தில் தேக்கத்தில் நீர் குறையும். வசந்தத்தில்தான் மேல் ஆறுகளில் பிறந்த சினூக், ஸ்டீல்ஹெட் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும். அவற்றைத் தள்ளிக்கொண்டு போக வேகமான நீர் வேண்டும். சம் முட்டைக்குக் கொடுத்தது சினூக் குஞ்சுக்குப் பற்றாக்குறை. மின்சாரம் வேண்டும், வெள்ளக் கட்டுப்பாட்டுக்கு இடம் விட வேண்டும், இவை வேறு. மழை குறைந்த வருடத்தில் பிப்ரவரி, மார்ச்சில் கூடிப் பேசுகிறார்கள், சம் மீனுக்கான மட்டத்தை இனியும் காப்பாற்றுவதா, கைவிடுவதா என்று. ஓவர்டிராஃப்ட் யாருக்கு நிறுத்துவது என்று மேலாளர் அறையில் நடக்கும் கூட்டம் போலத்தான். ஒரு வித்தியாசம், இங்கே கணக்குதாரர் கல்லுக்கு அடியில் இருக்கிறார். வந்து முறையிட மாட்டார்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதே அந்த 2002 ஆய்வு மாதிரி வேலைகளால்தான் உருப்படியாகிறது. ஆழம், வேகம், கல் என்று மட்டும் பார்த்திருந்தால், "அந்தத் திட்டு போனால் என்ன, பக்கத்தில் அதே மாதிரி திட்டு இருக்கிறதே, அங்கே போகட்டும்" என்று சொல்லியிருப்பார்கள். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான். ஊற்று இருக்கும் திட்டுக்கு ஊற்று இல்லாத திட்டு மாற்று ஆகாது என்பது குழாய் இறக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஷிங்டன் கரைப் பக்கம் போய் நின்றோம். தூறல், கடுங்குளிர். ஓரமாக ஆழமில்லாத நீரில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு வால் பளிச்சென்று திரும்பியது. அடுத்து இன்னொன்று. நாலைந்து இருக்கும். என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இத்தனை தூரம் வந்து இந்தக் குளிரில் பிரசவம் பார்க்குது பாவம்" என்றாள். சினூக் எங்கே என்று தேடினேன். அது இன்னும் உள்ளே, ஆழத்தில் இருக்கும் என்று மகள் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

அணையின் மீன் கணக்கு இணையத்தில் வருகிறது. பேப்பர் வருவதற்கு முன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுவேன். நவம்பரில் சம் பத்தியில் ஒற்றை இலக்கமோ பூஜ்யமோதான் பெரும்பாலும் இருக்கும். அது படிக்கட்டு ஏறியவற்றின் கணக்கு மட்டும், கீழே ஊற்றின் மேல் தங்கிவிட்டவை அதில் வராது என்று தெரியும். இருந்தாலும் பூஜ்யத்தைப் பார்த்தால் மனசு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

காபி வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கேள்விகள் இருந்தால் காபியோடு கேளுங்கள். சால்மன் குழம்பு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்க வேண்டாம், வீட்டில் அதற்குத் தடை இருக்கிறது.